இயந்திரத் தாளமும் மோகன ராகமும்



ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் வாழும் நமக்கு இயந்திர ஓசை புதிதன்று. நம்மில் பலருடைய தந்தையர் மோட்டார் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். இரும்புத் தகட்டை அழுத்தும் 'பிரஸ்' எப்படி ஒரே சீராக இடிக்கும் என்பதை என் தந்தையார் சாப்பாட்டு மேசையில் விரலால் தட்டிக் காட்டுவார். அதைக் கேட்டுத்தான் மின்னணு நடன இசை அமைக்கக் கற்க வேண்டும் என்ற ஆவல் எனக்கு உண்டாயிற்று.

நடன இசை என்றதும் பெற்றோர்கள் முகம் சுளிக்க வேண்டாம்! சென்னையை 'இந்தியாவின் டெட்ராய்ட்' என்பார்கள் அல்லவா? அமெரிக்காவின் அந்த மோட்டார் நகரத்தில்தான் 1980-களில் 'டெக்னோ' இசை வளர்ந்தது. அதற்கு வித்திட்ட ஜுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூவரும் பக்கத்து ஊரான பெல்வில்லில் பள்ளித் தோழர்கள்.

நம் நாட்டுக் கதை இன்னும் சுவையானது. பம்பாயில் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்து வந்த சரண்ஜித் சிங், 1982-இல் பத்து இந்துஸ்தானி ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து இசைத்தட்டு வெளியிட்டார். தாளத்திற்கு டி.ஆர்.808, அடிநாதத்திற்கு டி.பி.303, ராகத்திற்கு ஜூபிட்டர் 8. மூன்றும் ஜப்பானிய ரோலண்டு கருவிகள். இசைத்தட்டு விலை போகவில்லை. 1987-இல் சிக்காகோவில் அதே 303-ஐக் கொண்டு சிலர் அமைத்த இசை 'ஆசிட்' என்று புகழ் பெற்றது. 2010-இல் சிங்கின் இசைத்தட்டு மறுபதிப்பு வந்தபோதுதான், இவர் ஐந்து ஆண்டு முந்திவிட்டாரே என்று மேனாட்டார் வியந்தனர். 2015-இல் அவர் காலமானார்.

இனி நம் பாடம். கருவி எதுவும் வாங்க வேண்டாம். ஒரு கணினியும் ஹெட்போனும் போதும். எல்.எம்.எம்.எஸ். என்ற இலவச மென்பொருளைத் திறந்து, வேகத்தை நிமிடத்திற்கு 120 ஆக வையுங்கள். ஒரு வரிசையில் 16 கட்டங்கள் தெரியும். பெரிய டிரம்மை 1, 5, 9, 13-ஆம் கட்டங்களில் இடுங்கள். கைதட்டல் ஒலியை 5, 13-இலும், ஜால்ரா போன்ற 'ஹை-ஹாட்'டை 3, 7, 11, 15-இலும் இடுங்கள். இது நான்கு எண்ணிக்கை. இரண்டு முறை ஓடினால் நம் ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம்!

ராகத்திற்கு மோகனம் எளிது. சிங்கின் தட்டில் உள்ள பூபாளியும் அதே சுரங்கள்தாம். சி, டி, ஈ, ஜி, ஏ என்ற ஐந்து வெள்ளைக் கட்டைகள். கறுப்புக் கட்டையே வேண்டாம். கீழ் சட்ஜமத்தை டிரம் விழாத இடங்களில் வையுங்கள். டிரம்மோடு சேர்ந்து விழுந்தால் இரண்டும் குழம்பும்.

என் முதல் முயற்சியில் பதினான்கு ஒலிகளைக் குவித்துவிட்டேன். இரவு ஷிப்டு முடிந்து வந்த தந்தையார் கேட்டுவிட்டு, "எங்க ஷாப்புலகூட இவ்வளவு சத்தம் இல்லையேம்மா" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு அவரே சொன்னார்: பிரஸ் ஓசையில் சிறு மாறுதல் வந்தாலும் பக்கத்தில் நிற்பவர் காது உடனே கண்டுகொள்ளுமாம்.

அன்றே பத்து ஒலிகளை நீக்கினேன். இப்போது எட்டுச் சுற்றுக்கு ஒருமுறை ஒன்றே ஒன்றை மாற்றுகிறேன். டிரம்மை இரண்டு சுற்று நிறுத்தினால், அது திரும்பும்போது கால் தானே ஆடுகிறது! 'கட்-ஆஃப்' என்ற திருகை மெல்லத் திருப்பினால், சாத்திய கதவுக்கு வெளியே பாடுபவர் உள்ளே வருவதுபோல் மங்கிய ஒலி தெளிகிறது. 303-இன் மாயம் பெரும்பாலும் இதுதான்.

"இயந்திரம் வாசிப்பது இசையாகுமா?" என்று சிஸ்டர் கேட்டார்கள். 303-இல் ஒரு சுரம் அடுத்த சுரத்திற்கு வழுக்கிச் செல்லும். சரண்ஜித் சிங்குக்கு அது ராகத்திற்கு உதவியது. எந்த இடத்தில் வழுக்க வேண்டும் என்று இயந்திரம் சொல்லவில்லை. அவர் காதுதான் சொன்னது என்றேன். சிஸ்டர் ஹெட்போனைக் கேட்டு வாங்கி, முழுவதும் கேட்டார்கள்.

என் பாட்டு இப்போது இரண்டரை நிமிடம் ஓடுகிறது. டிரம்மைக் கடைசியாக எங்கே நிறுத்துவது என்பதுதான் பிடிபடவில்லை. தந்தையார் பகல் ஷிப்டுக்கு மாறியதும் அவரையே கேட்கப் போகிறேன்.

— பதினோராம் வகுப்பு மாணவி