சி.ஏ.வா, வங்கித் தேர்வா, எம்.பி.ஏ.வா?

பிளஸ் டூவில் வணிகவியல் எடுத்து நல்ல மதிப்பெண் வாங்கிய ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கும் அறிவுரையெல்லாம் உச்சத்தைக் காட்டுவதாகவே இருக்கும்: சி.ஏ. முடித்தால் இவ்வளவு, ஐ.ஐ.எம்.மில் படித்தால் அவ்வளவு. அதுவரை தாக்குப்பிடிக்க வீட்டில் வசதியுள்ளவர்களுக்கு அந்தக் கணக்கு சரி. மாதாமாதம் வட்டி கட்டும் வீட்டுக்கு வேறு இரண்டு கேள்விகள்தான் முக்கியம். முதல் சம்பளம் எப்போது வரும்? நடுவில் தவறினால் கையில் என்ன மிஞ்சும்?

கட்டணத்தை மட்டும் பார்த்தால் சி.ஏ. மலிவு. பட்டம் இல்லாமலே பிளஸ் டூ முடித்ததும் முதல் கட்டத் தேர்வான ஃபவுண்டேஷன் எழுதலாம்; 2023-இல் வந்த புதிய திட்டத்தில், ஆடிட்டரிடம் பயிற்சி பெறும் ஆர்ட்டிக்கிள்ஷிப்பும் 3 வருடத்திலிருந்து 2 வருடமாகக் குறைந்தது. செலவு ஒளிந்திருப்பது காலத்தில். தேர்வு ஆங்கிலத்திலோ இந்தியிலோதான். தமிழ்வழியில் படித்தவருக்கு அதுவே தனிப் பாடம். ஒவ்வொரு தாளிலும் 40, குரூப் மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். ஃபைனலில் இரண்டு குரூப்பையும் ஒருசேர எழுதுவோரில் அண்மைத் தேர்வுகளில் ஐந்தில் ஒருவர்கூடத் தேறவில்லை. பகலெல்லாம் வவுச்சர் சரிபார்த்து, வங்கி ஸ்டேட்மெண்டைக் கணக்குப் புத்தகத்தோடு ஒத்துப்பார்த்து, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டால் கிடைக்கும் ஸ்டைபண்ட், வெளியூரிலிருந்து சென்னை வந்தவருக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன் வாடகைக்கும் மெஸ்ஸுக்குமே போதாது. ஆனாலும் இடைநிலைத் தேர்வான இன்டர் தேறி ஆர்ட்டிக்கிள்ஷிப் முடித்தவரைக் கம்பெனிகளின் அக்கவுண்ட்ஸ் பிரிவு வேலைக்கு எடுக்கும். ஃபைனல் கைகூடாவிட்டாலும் உழைப்பு முழுதும் வீணில்லை.

அரசுடைமை வங்கிகளுக்கான ஐ.பி.பி.எஸ். தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். கிளார்க் பணிக்கு வயது 20 முதல் 28, பி.ஓ. எனும் தொடக்கநிலை அதிகாரிப் பணிக்கு 30 வரை. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. கிளார்க் தேர்வில் ஆங்கிலத் தாள் தவிர மற்றவற்றைத் தமிழில் எழுதலாம். 2024 ஊதிய ஒப்பந்தப்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் கிளார்க்குக்கு 24,050 ரூபாய், பி.ஓ.வுக்கு 48,480, பஞ்சப்படியும் வீட்டு வாடகைப்படியும் தனி. சேமிப்பில்லாத வீட்டுக்கு நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான். இதிலும் ஓர் ஆபத்து உண்டு: தேர்வில் தேறாவிட்டால் அந்தத் தயாரிப்பில் மிஞ்சுவது எதுவுமில்லை. அதனால் கோச்சிங் சென்டரில் வருடக்கணக்கில் உட்காராமல், கல்லூரியில் இருக்கும்போதே தயாராக வேண்டும். தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டத்தில் போட்டித் தேர்வுப் பயிற்சி இலவசமாகவே கிடைக்கிறது.

கெட்டிக்காரப் பிள்ளையை கவுண்டரில் உட்கார வைத்து முடக்குவதா என்று கேட்பார்கள். கேள்வியில் பாதி நியாயம் உண்டு: வங்கிப் பதவி உயர்வு மெதுவானது, இடமாற்றம் வரும், முழுநேர ஆர்ட்டிக்கிள்ஷிப் கேட்கும் சி.ஏ.வின் கதவும் ஏறக்குறைய சாத்திக்கொள்ளும். ஆனால் வங்கி ஊழியர்களுக்கான ஜே.ஏ.ஐ.ஐ.பி., சி.ஏ.ஐ.ஐ.பி. தேர்வுகளை முடித்தால் ஊதிய உயர்வு உண்டு. உள்தேர்வு எழுதி கிளார்க் அதிகாரியாகலாம். அங்கிருந்து கடன் பிரிவு, அந்நியச் செலாவணி, டிரெஷரி என்று நிதித்துறையின் நடுக்கூடத்துக்கே போக வழி இருக்கிறது. சம்பளம் வந்துகொண்டிருக்கும்போது எழுதும் தேர்வில் ஒருமுறை தவறினால் வீட்டில் அடுப்பு அணையாது. சி.ஏ.வில் அந்த நிம்மதி கிடையாது. அண்ணனோ அக்காவோ சம்பாதிக்கும் வீடு என்றால் மட்டும் என் வரிசை மாறும், அங்கே சி.ஏ. முதலில்.

எம்.பி.ஏ. பற்றி நீட்ட வேண்டியதில்லை. முன்னணி ஐ.ஐ.எம்.களில் கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டுகிறது. அந்தப் பெயருக்காகவே வங்கிகள் அடமானமின்றிக் கடன் தருகின்றன, வளாகத் தேர்விலும் வேலை கிடைக்கிறது. பெயரில்லாத கல்லூரியில் அதே படிப்புக்குக் கடன் வாங்கினால், படிப்பு முடிந்து ஒரு வருடத்தில் தவணை தொடங்கிவிடும். கிடைக்கும் வேலையோ பெரும்பாலும் ‘ரிலேஷன்ஷிப் மேனேஜர்’ என்ற பெயரில் டார்கெட் வைத்து இன்ஷூரன்ஸ் விற்பதுதான். அதற்கு பி.காம். போதும்.