நின்று கிளம்பும் வண்டி

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வாழைத்தார் வியாபாரியின் பெட்ரோல் கார் காலையில் ஒரே செல்ஃபில் பிடிக்கிறது, ரோட்டில் நன்றாக ஓடுகிறது. களக்காட்டில் இருபது நிமிஷம் நிறுத்திவிட்டு எடுத்தால் மட்டும் குலுங்கி, மிஸ்ஸிங் அடித்து, சற்று நேரத்தில் தானே சரியாகிவிடுகிறது என்கிறாய். பிளக் மாற்றிவிட்டாய், இக்னிஷன் காயிலும் மாற்றிவிட்டாய். கோளாறு போகவில்லை. அவர் வேறு ஒர்க்‌ஷாப் பார்க்கலாமா என்று பேச ஆரம்பித்துவிட்டார்.

நான் சொல்வது ஒன்றுதான். அந்த இருபது நிமிஷத்தில் பானெட்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியும்வரை இன்னொரு பாகத்தைத் தொடாதே. அவர் காலையில் வண்டியை விட்டுப்போகிறார். நீ ஆறிய எஞ்சினைப் பார்க்கிறாய். சாயங்காலம் அடிக்கும் காய்ச்சலுக்குக் காலையில் நாடி பிடித்தால் என்ன தெரியும்?

வண்டி ஓடும்போது கூலன்ட்டும் எதிர்க்காற்றும் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். நிறுத்தியதும் வாட்டர் பம்பு நின்றுவிடும். எஞ்சினில் தங்கிய சூடு போக வழியில்லாமல் மேலே ஏறும். அதனால் இன்ஜெக்டரும் பெட்ரோல் லைனும் ஓடும்போது இருந்ததைவிட நிறுத்திய பிறகுதான் அதிகம் சுடும். பெட்ரோலின் லேசான பகுதி 35, 40 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். அதை ஆவியாகவிடாமல் பிடித்துவைப்பது லைனில் உள்ள அழுத்தம். பல கார்களில் சுமார் 3 பார். நிறுத்திய பிறகும் அது கொஞ்ச நேரம் நிற்கவேண்டும். இறங்கிப்போனால் லைனில் குமிழ் கட்டும். மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜெக்டருக்குப் பெட்ரோலோடு ஆவியும் வரும், எஞ்சின் குலுங்கும்.

கார்புரேட்டர் காலத்து அம்பாசடர் டிரைவர்கள் கோடையில் பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றியது இதற்காகத்தான். 1983-இல் வந்த மாருதி 800-லும் கார்புரேட்டர்தான் இருந்தது. இன்று பம்பு டேங்குக்குள் போய்விட்டது. ஈரத்துணிக்கு வேலையில்லை, சூடு மட்டும் அதேதான்.

ஆகவே முதலில் கோளாறை வரவழை. ஏசியைப் போட்டு நாங்குநேரி வரை ஓட்டிப்போய்த் திரும்பு. வெயிலில் நிறுத்தி, பானெட்டை மூடியே வைத்து, அந்த இருபது நிமிஷம் காத்திரு. பிறகு ஸ்பேனர் எடுக்காமலே இரண்டு சோதனை செய்யலாம்.

ஒன்று, செல்ஃப் அடிக்காமல் சாவியை ஆன் செய். டேங்கில் பம்பு ஓரிரு விநாடி முனகி நிற்கும். ஆஃப் செய்து, இப்படி இரண்டு மூன்று முறை செய்தபின் ஸ்டார்ட் பண்ணு. குலுக்கல் இல்லாமல் பிடித்தால், நிறுத்திய நேரத்தில் அழுத்தம் இறங்கியிருக்கிறது என்று சந்தேகப்படு.

இரண்டு, மறுபடி அதே சூட்டுக்குக் கொண்டுவந்து, ஆக்சிலேட்டரைத் தரைவரை மிதித்துக்கொண்டு செல்ஃப் அடி. அப்படி மிதித்தால் பெரும்பாலான வண்டிகளில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் ஈசியூ பெட்ரோலை நிறுத்திக்கொள்ளும். அதில் சுலபமாகப் பிடித்தால் பெட்ரோல் கூடுதலாகப் போயிருக்கிறது. பிடித்தவுடன் காலை எடுத்துவிடு, எஞ்சின் அலறவேண்டாம். சைலன்சரில் கரும்புகையும் பெட்ரோல் வாடையும் வருகிறதா என்று பார். அதற்குப் பிறகு ஸ்பேனர் எடுத்துப் பிளக்கைக் கழற்றினால் ஈரமாக இருக்கும். கை சுடும், கவனம்.

அழுத்தம் இறங்குகிறது என்றால் கேஜ் மாட்டு. மாட்டும்முன் லைன் அழுத்தத்தை வெளியேற்று. சூடான எக்சாஸ்ட்டில் பெட்ரோல் சிந்தினால் தீப்பிடிக்கலாம். நிறுத்தியபின் முள் இறங்குகிறது என்றால் பெட்ரோலைத் திரும்பவிடாமல் தடுக்கும் டேங்க் பம்பின் செக் வால்வு பழுதாக இருக்கலாம், இன்ஜெக்டர் ஒழுகலாம். ஒழுகும் இன்ஜெக்டர் பிளக்கை நனைக்கும். செக் வால்வு கெட்டால் பிளக் காய்ந்தே இருக்கும்.

செக் வால்வு, இன்ஜெக்டர் இரண்டிலும் பழுது இல்லையா? ஸ்கேனரில் கோளாறு கோட் இல்லை என்று மூடிவிடாதே, லைவ் டேட்டாவைப் பார். எஞ்சின் கொதிக்கும்போது கூலன்ட் சென்சார் 40 டிகிரி காட்டினால், ஈசியூ எஞ்சின் ஆறியிருப்பதாக நினைத்துப் பெட்ரோலைக் கூட்டிவிடும். பல வண்டிகளில் அந்த சென்சாரின் ரெசிஸ்டன்ஸ் 20 டிகிரியில் இரண்டாயிரம் ஓமுக்கு மேல் இருக்கும். 80 டிகிரியில் சுமார் 300 ஓமுக்கு இறங்கிவிடும். கனெக்டரில் பச்சை பூத்தால் ரெசிஸ்டன்ஸ் கூடும், காட்டும் டிகிரி குறையும். டேங்க் நிரப்பிய உடனே மட்டும் குலுங்கினால் டேங்க் ஆவியை எஞ்சினுக்கு விடும் பர்ஜ் வால்வு மூடாமல் நிற்கிறதா என்று பார்.

தம்பி, கிராமத்திலிருந்து வரும் ஒருவருக்குக் கார் என்பது பிழைப்பு. ஊகத்தில் மாற்றிய காயிலின் விலை ஒரு வாரச் சம்பாத்தியமாக இருக்கலாம். பார்த்து, காத்திருந்து, அளந்து சொன்ன நேரத்துக்குக் கூலி கேள். அது நியாயமான கூலி. கழற்றிய நல்ல காயிலை அவரிடமே கொடு. வேலை முடிந்ததும் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டு. வெயிலில் அதே இருபது நிமிஷம் நிறுத்தி, அவர் கையாலேயே சாவியைத் திருப்பச் சொல். அவர் முன்னால் சீராகப் பிடித்தால்தான் வேலை முடிந்தது என்று கணக்கு. அதுவரை பில் எழுதாதே.

அன்புடன்,
உன் அண்ணாச்சி