பூனைக்கு மருந்து: ஒரு பாடவேளை

“எங்க பூனை ரெண்டு நாளா சாப்பிடல டீச்சர். பாதி பாராசிட்டமால் கொடுக்கலாமா?” என்றாள் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி. அன்றைய பாடத்தை ஒதுக்கிவிட்டு இதையே எடுத்துக்கொண்டேன்.

பாராசிட்டமாலின் நஞ்சை முறிக்கும் நொதி நம் கல்லீரலில் போதிய அளவு உண்டு. பூனைக்கு மிகக் குறைவு. அரை மாத்திரைகூட அதைக் கொன்றுவிடலாம். இதைக் கரும்பலகையில் எழுதி, வீட்டிலும் சொல்லச் சொன்னேன். பட்டினியும் ஆபத்துதான். சில நாள் உண்ணாத பூனையின் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்துவிடும். கொழுத்த பூனைக்கு இன்னும் மோசம். அன்று மாலையே பெரியவர்களோடு கால்நடை மருந்தகம் போகச் சொன்னேன்.

மருத்துவர் தரும் மருந்தைப் புகட்டுவதை, ஊசியில்லாத சிரிஞ்சில் தண்ணீர் எடுத்துக் காட்டினேன். பூனையைத் துண்டில் சுற்றி, கடைவாய் ஓரமாகச் சிறிது சிறிதாக விட வேண்டும். தலையை அண்ணாந்து பிடித்தால் மருந்து மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். மாத்திரை என்றால் பின்னாலேயே கொஞ்சம் தண்ணீர். இல்லாவிட்டால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். சோற்றில் மருந்தைக் கலப்பதை நான் ஏற்பதில்லை. கசப்பு தெரிந்தால் சோற்றையே வெறுத்துவிடும். மீனை இளஞ்சூடாக வைத்தால் வாசனைக்கு வரக்கூடும்.

கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, வீட்டில் மறைக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும் என்றேன். வெறிநோய் பூனையாலும் பரவும் என்பது பலருக்கு அன்றுதான் தெரிந்தது.