வளர்ந்த மக்களும் இல்லத்தின் ஒழுக்கமும்

திருக்குறளின் இல்லறவியலில் மக்கட்பேறு என்னும் அதிகாரத்திற்கு முன்னர் இல்வாழ்க்கையும் வாழ்க்கைத் துணைநலமும் அமைந்துள்ளன. அதனை அடுத்து அன்புடைமை வருகின்றது. இவ்வைப்பு முறை எண்ணிப் பார்க்கத்தக்கது. மக்களிடம் ஒழுக்கத்தை எதிர்பார்க்கும் முன் பெற்றோர் தம் வாழ்வைச் செம்மை செய்துகொள்ள வேண்டும்; எதிர்பார்த்த பின்னரும் அன்பு குறையலாகாது.

சிறு குழந்தைக்குக் கட்டளை போதும். பதின்பருவத்துப் பிள்ளை காரணம் கேட்கும். 18 வயது நிறைந்தவரைச் சட்டமே பெரியவராக ஏற்கின்றது. வேலைக்குச் சென்று, பொருள் ஈட்டி, பெற்றோருடனேயே வாழும் மகனிடமும் மகளிடமும் எதனை வலியுறுத்துவது, எதனை அவர்தம் விருப்பிற்கு விடுவது என்னும் ஐயம் பல இல்லங்களில் எழுகின்றது. இதற்கு இரண்டு திருத்தலங்களின் வரலாறுகள் வழிகாட்டுகின்றன.

அறம் அனைவர்க்கும் ஒன்று

திருவாரூரில் இளவரசனின் தேர்க்காலில் சிக்கிக் கன்று ஒன்று இறந்தது. தாய்ப்பசு அரண்மனை மணியை அசைத்து முறையிட்டது. மனுநீதிச் சோழன் தன் மகன் என்பதற்காக நீதியை வளைக்கவில்லை. பெரியபுராணம் போற்றும் இவ்வரலாற்றில் பெற்றோர் கொள்ளத்தக்கது தண்டனையின் கடுமை அன்று. அளவுகோலின் நேர்மையே ஆகும்.

மகள் பொழுது சாய்வதற்குள் திரும்ப வேண்டும், மகன் நள்ளிரவில் வந்தாலும் கேட்பாரில்லை என்றால், அங்கே இருப்பது ஒழுக்கம் அன்று; ஓரவஞ்சனை. தந்தை மதுவருந்திவிட்டு மகனுக்கு மதுவிலக்கைப் போதித்தால் அச்சொல் செவியில் ஏறாது. பொய் கூறாமை, பிறர் பொருளை விரும்பாமை, போதையை விலக்குதல், எவரையும் இழிவாகப் பேசாமை ஆகியவை இல்லத்தில் உள்ள ஒவ்வொருவர்க்கும் உரியன. இவற்றில் பெற்றோர் உறுதியாக நிற்கலாம், நிற்கவும் வேண்டும்.

செவிமடுத்தல் சிறுமை அன்று

அறுபடை வீடுகளுள் நான்காவதாகிய சுவாமிமலையில், மைந்தன் பிரணவப் பொருளை உரைக்க, தந்தையாகிய சிவபெருமான் மாணவராய்க் கேட்டருளினார். அதனால் தந்தையின் பெருமை குறையவில்லை. மைந்தனுக்குச் சுவாமிநாதன் என்னும் திருநாமமும் வாய்த்தது.

கல்வி, தொழில், திருமணம் ஆகியவற்றின் பயனை வாழ்நாள் முழுதும் நுகரப்போகிறவர் மக்களே. ஆதலின், அங்கே கட்டளையினும் கலந்துரையாடலே சிறந்தது. “ஊரார் என்ன சொல்வார்கள்?” என்னும் அச்சத்தைப் பலர் அறம் என மயங்குகின்றனர். பிறர்க்குத் தீங்கு உண்டா, இல்லையா என்று ஆராய்ந்தால் அம்மயக்கம் நீங்கும். தோளுக்கு மேல் வளர்ந்தவனைத் தோழன் என்று முன்னோர் கூறியதும் இதுபற்றியே.

மக்களின் கடன்

உரிமை வளருங்கால் பொறுப்பும் வளர வேண்டும். திரும்பி வரத் தாமதமாகும் எனில் முன்கூட்டித் தெரிவித்தல், குடும்பச் செலவில் இயன்ற பங்கினை ஏற்றல், வீட்டு வேலைகளைத் தாயின் மீதே சுமத்தாதிருத்தல், முதியோர்க்கு நாள்தோறும் சிறிது நேரம் ஒதுக்குதல் ஆகியவை ஒரே கூரையின் கீழ் வாழும் வளர்ந்த மக்களின் கடமைகள். இவற்றைச் சினந்து கேட்பதினும், எல்லோரும் கூடியிருக்கும் வேளையில் காரணத்துடன் எடுத்துரைப்பது பயன் தரும்.

சிந்தனைக்கு

1. நம் இல்லத்தில் மகனுக்கும் மகளுக்கும் ஒரே நெறி உள்ளதா?
2. மக்களிடம் எதிர்பார்க்கும் ஒழுக்கத்தைப் பெற்றோர் தாமும் கடைப்பிடிக்கின்றனரா?
3. மக்கள் கூறுவதை இடைமறிக்காமல் கேட்ட நாள் எது?

அறத்தில் உறுதியும் அன்பில் நெகிழ்வும் பொருந்திய இல்லமே இறைவன் விரும்பி உறையும் திருக்கோயிலாகும்.