நல்ல பேஸ் கிடாரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

நமது சங்க விழா மேடைகளில் பாட்டுக் கேட்டு மகிழும் வாசகர்கள் பாடகரை அறிவார்கள், கீபோர்டு வாசிப்பவரையும் அறிவார்கள். ஓரமாக நின்றுகொண்டு, நான்கே தந்திகள் உள்ள நீண்ட கிடாரை வாசிப்பவரை மட்டும் யாரும் கவனிப்பதில்லை. அந்த ஓரத்தில் பல ஆண்டுகள் நின்றவன் நான். அந்த அனுபவத்தில் கற்றதை, ராக் இசைக்குழு தொடங்க ஆசைப்படும் நம் பிள்ளைகளுக்கும் பணம் கொடுக்கப்போகும் பெற்றோருக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு சித்தூரில் எங்கள் தெருப் பையன் ஒருவன் வந்தான். கல்லூரி நண்பர்கள் நால்வர் சேர்ந்து குழு அமைத்திருக்கிறார்கள். திருப்பதியில் ஒரு கல்லூரி விழாவில் வாசிக்க அழைப்பும் வந்துவிட்டது. "மாமா, அப்பா இருபதாயிரம் தர்றேன்னு சொல்லிட்டாரு. அஞ்சு தந்தி பேஸ் ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன், சூப்பரா இருக்கு" என்றான். அவன் தந்தை மாம்பழக் கூழ்த் தொழிற்சாலையில் வேலை செய்பவர். இருபதாயிரம் அவருக்கு எத்தனை மாதச் சேமிப்பு என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் என் பழைய கதையை முதலில் அவனுக்குச் சொன்னேன்.

நான் ஏமாந்த கதை

2004-இல் என் அக்காவின் சங்கிலியை அடகு வைத்து ஒரு பேஸ் வாங்கினேன். பளபளக்கும் சிவப்பு நிறம். கடைக்காரர் ஆம்ப்பில் ஒலியைக் கூட்டி வைத்து வாசித்துக் காட்டினார், மயங்கிவிட்டேன். திருப்பதி மேடையில் முதல் பாட்டு சரியாகப் போயிற்று. இரண்டாவது பாட்டில் கை மேல் ஸ்தாயிக்குப் போனதும் சுருதி விலகியது. பாடகர் பாடிக்கொண்டே திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்றும் மறக்கவில்லை.

பிறகு சென்னையில் கிடார் பழுது பார்ப்பவர் ஒருவர் காரணத்தை விளக்கினார். நெக் முறுக்கிக்கொண்டிருந்தது. அதனால் எழும் இரைச்சலை மறைக்கத் தந்திகளை மிக உயரமாகத் தூக்கி வைத்திருந்தார்கள். உயரத்தில் இருக்கும் தந்தியை அழுத்தும்போது அது கூடுதலாக இழுபடும், சுருதி ஏறிவிடும். காசு கொடுத்துத் தேளை வாங்கிய கதைதான்! சங்கிலியை மீட்க எனக்கு ஒன்றரை ஆண்டு ஆயிற்று.

பேஸின் வேலை என்ன?

மிருதங்கத்தில் தொப்பி செய்யும் வேலையையும் தம்பூரா செய்யும் வேலையையும் ஒரே ஆள் செய்வதாக எண்ணிப் பாருங்கள். தாளத்துக்கும் சுருதிக்கும் நடுவே நிற்பதுதான் பேஸ். டிரம்ஸ் கலைஞரின் கால் விழும் இடத்தில் பேஸின் விரலும் விழவேண்டும்.

1951-இல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 'பிரிசிஷன் பேஸ்' என்ற மின்சாரப் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் ஆள் உயர டபுள் பேஸைத்தான் சுமக்க வேண்டியிருந்தது. இரண்டு பிக்கப் உள்ள 'ஜாஸ் பேஸ்' 1960-இல் வந்தது. இன்று கடைகளில் காணும் பல பேஸ்கள் இவ்விரண்டின் வழிவந்தவையே. முதல் வகை கனமான, திரண்ட ஒலி தரும். ராக் இசைக்கு நன்கு பொருந்தும். இரண்டாவது வகையில் ஒலியைப் பலவாறு மாற்றலாம்.

வாங்குவதற்கு முன் காதைப் பழக்குங்கள். இளையராஜா இசையமைத்த 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் 'இளைய நிலா' பாடலை ஹெட்போனில் கேளுங்கள். மேலே ஓடும் கிடாரை விட்டுவிட்டு, அடியில் நகரும் பேஸை மட்டும் பின்தொடருங்கள். தெலுங்குப் பாடல் விரும்புவோர் அவருடைய 'கீதாஞ்சலி' (1989) பாடல்களைக் கேட்கலாம். பேஸ் என்பது வெறும் 'டும் டும்' அல்ல, அதுவும் ஒரு பாட்டுத்தான் என்பது அப்போது விளங்கும்.

கடையில் செய்யவேண்டிய சோதனைகள்

1. எத்தனை தந்தி? நான்கு தந்திகளின் சுருதி ஈ, ஏ, டி, ஜி. மிகத் தாழ்ந்த ஈ தந்தி நொடிக்குச் சுமார் 41 முறை அதிரும். ஐந்தாவது தந்தி சேர்ந்தால் அது சுமார் 31 முறை. அவ்வளவு தாழ்ந்த ஒலியைச் சிறிய ஸ்பீக்கரால் தெளிவாகத் தர இயலாது. தொடங்குபவருக்கு நான்கே போதும்.

2. கைக்குப் பொருந்துகிறதா? வழக்கமான பேஸில் தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம். சிறியவற்றில் சுமார் 30. முதல் நான்கு ஃபிரெட்டுகளில் நான்கு விரல்களையும் வைத்துப் பாருங்கள். மணிக்கட்டு வலித்தால் சிறிய அளவைப் பாருங்கள்.

3. நெக் நேராக உள்ளதா? தலைப்பக்கத்திலிருந்து, தச்சர் பலகையைப் பார்ப்பது போல, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். பிறகு ஒரு தந்தியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் சேர்த்து அழுத்துங்கள். நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருந்தால் நல்லது. முன்னும் பின்னுமான வளைவை உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியைத் திருகிச் சரிசெய்யலாம். முறுக்கை அப்படிச் சரிசெய்ய முடியாது. முறுக்கியிருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

4. ஒவ்வொரு சுரமும் பேசுகிறதா? எல்லாத் தந்திகளையும் எல்லா ஃபிரெட்டிலும் பொறுமையாக வாசியுங்கள். எங்கே இரைகிறது, எங்கே ஒலி சட்டென்று செத்துவிடுகிறது என்று கவனியுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் கவலை வேண்டாம், பணம் உங்களுடையது.

5. பன்னிரண்டாவது ஃபிரெட் சோதனை. அது தந்தியின் சரிபாதி, அதாவது மேல் ஸட்ஜம். அந்த ஃபிரெட் கம்பிக்கு நேர் மேலே தந்தியை இலேசாகத் தொட்டு மீட்டினால் மணி போல ஒலிக்கும். பிறகு அதே இடத்தில் அழுத்தி வாசியுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும். சிறிது விலகினால் பிரிட்ஜில் சரிசெய்யலாம். திருகியும் சரியாகாவிட்டால் விட்டுவிடுங்கள். 2004-இல் இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் நான் தப்பியிருப்பேன்.

6. எடையும் மின்சாரமும். வாரைத் தோளில் மாட்டிக் கால் மணி நேரம் நில்லுங்கள். நான்கரைக் கிலோவுக்கு மேல் இருந்தால் மூன்று மணி நேரக் கச்சேரியில் தோள் கேள்வி கேட்கும். கையை எடுத்ததும் தலைப்பக்கம் கீழே சாய்கிறதா என்றும் பாருங்கள். குமிழ்களைத் திருப்பும்போது கரகரப்பு கூடாது. 'ஆக்டிவ்' வகை 9 வோல்ட் பாட்டரியில் இயங்கும். கேபிளைச் செருகியே வைத்திருந்தால் அது தீர்ந்துபோகும். மேடையில் தீர்ந்தால் மௌனம்தான்.

இவை எல்லாவற்றையும் ஆம்ப்பில் பேஸ், டிரெபிள் குமிழ்களை நடுவில் வைத்தே செய்யுங்கள். கூட்டி வைத்த ஒலி குறைகளை மறைத்துவிடும்.

வாங்கிய பிறகு

பணம் முழுவதையும் கிடாரிலேயே போட்டுவிடாதீர்கள். புதிய தந்திகளுக்கும், நன்கு தெரிந்தவரிடம் கொடுத்துத் தந்தி உயரத்தைச் சீர்செய்வதற்கும் ஒரு பங்கை ஒதுக்குங்கள். சீர்செய்த சாதாரணப் பேஸ், சீர்செய்யாத விலையுயர்ந்த பேஸைவிட நன்றாக ஒலிக்கும். பேஸைச் சாதாரணக் கிடார் ஆம்ப்பில் உரக்க வாசித்தால் ஸ்பீக்கர் கிழியக்கூடும். நம் ஊர்க் கோடையில் மூடிய காருக்குள் வைக்கவும் கூடாது, நெக் வளைந்துவிடும்.

பையன் என்ன வாங்கினான்?

அவனுடன் நானும் சென்னைக்குப் போனேன். அவன் ஆசைப்பட்ட ஐந்து தந்திப் பேஸ் மூன்றாவது சோதனையில் தேறிற்று, நான்காவதில் தோற்றது. ஏழாவது ஃபிரெட் அருகே ஒலி செத்துப்போயிற்று. அவன் முகம் வாடியது. பக்கத்தில் அலங்காரம் ஏதுமின்றிக் கறுப்பு நிறத்தில் நான்கு தந்திப் பேஸ் ஒன்று இருந்தது, எல்லாவற்றிலும் தேறியது. தந்திகளும் சீர்செய்த கூலியும் போக மூவாயிரம் மிஞ்சியது. அதை அவன் தன் தந்தையிடம் திருப்பிக் கொடுத்தான்.

திருப்பதி விழாவுக்கு அவரும் வந்திருந்தார். கூட்டத்தின் கடைசியில் நின்றபடி கேட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: "பாட்டு ஒண்ணும் புரியலை சார். ஆனா நம்ம பையன் வாசிக்கிறது மட்டும் நெஞ்சுல தெரியுது."

பேஸுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. வாசக நண்பர்களே, உங்கள் பிள்ளை கேட்டால் மறுக்காதீர்கள். கூடவே கடைக்குப் போங்கள். கண்ணால் அல்ல, காதால் வாங்கச் சொல்லுங்கள்.