திகதி போட்டு எழுதுங்கள்

சட்டம் கேளுங்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பெண் சட்டத்தரணியின் பதில்கள்

*இம்முறை வந்த கடிதங்களில் மூன்று, பல்கலைக்கழகத்துக்குள் பெண்கள் படும் பாட்டைப் பற்றியவை. ஆட்களையும் இடங்களையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிப் பிரசுரிக்கிறோம்.*

கேள்வி: நான் இறுதியாண்டு மாணவி. சொந்த ஊர் மன்னார். வெள்ளவத்தையில் மூன்று பேரோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். என் ஆய்வுக்குப் பொறுப்பான சேர் முதலில் படிப்பு விஷயமாகத்தான் வட்ஸ்அப்பில் எழுதினார். இப்போது இரவு பதினொரு மணிக்கு "நித்திரையா?" என்று கேட்கிறார். "அந்தச் சாறிப் படம் நல்ல வடிவு, இன்னொன்று அனுப்பு" என்கிறார். போன கிழமை கையெழுத்து வாங்கப் போனேன். "ஆறு மணிக்குப் பிறகு வா, ஆறுதலாகப் பார்க்கலாம். புள்ளி என் கையில்தானே" என்றார். ஏதோ சாட்டுச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பயத்தில் பழைய மெசேஜ்களை அழித்தும் விட்டேன். பட்டம் கைக்கு வரும்வரை பொறு என்கிறார்கள் கூட்டாளிமார். அவர் என்னைத் தொட்டதில்லை. இதற்கு முறைப்பாடு செய்ய முடியுமா? பெயர் வெளியே வந்தால் வீட்டில் படிப்பை நிறுத்திவிடுவார்கள்.
— பெயர் வேண்டாம், வெள்ளவத்தை

பதில்: முடியும், தங்கச்சி. தொட்டிருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு 1995இல் திருத்தப்பட்டபோது, சொல்லால் கொடுக்கும் பாலியல் தொந்தரவும் குற்றமாக்கப்பட்டது. அதிகாரத்தில் இருப்பவர், வேலைத்தலத்திலோ வேறெங்குமோ, மற்றவர் விரும்பாத பாலியல் சேட்டையைச் சொல்லால் செய்தாலும் செயலால் செய்தாலும் அது இந்தப் பிரிவுக்குள் வரும். ஐந்து ஆண்டுவரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நட்டஈடு கொடுக்கவும் நீதிமன்றம் கட்டளையிடலாம்.

"புள்ளி என் கையில்தானே" என்றாரே, அதற்கு இன்னொரு சட்டமும் இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம், பாலியல் சலுகை கேட்பதையும் இலஞ்சமாகவே பார்க்கிறது. அரச பல்கலைக்கழக விரிவுரையாளர் புள்ளிக்கு விலையாகக் காசு கேட்டாலும் இலஞ்சம், உங்களைக் கேட்டாலும் இலஞ்சம். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

இனி வேலைக்கு வருவோம். இன்றைக்கே ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். முதல் பக்கத்தில் இன்றைய திகதியைப் போட்டு, நடந்ததை முதலிலிருந்து எழுதுங்கள்: எந்த நாள், எத்தனை மணி, எந்த அறை, அவர் சொன்ன வார்த்தை, நீங்கள் சொன்ன சாட்டு, வாசலில் யாராவது நின்றார்களா. "என்னை அசிங்கமாகப் பேசினார்" என்று எழுதாதீர்கள். என்ன பேசினார் என்பதை அப்படியே எழுதுங்கள், கை கூசினாலும். என்னிடம் வந்த ஒரு பிள்ளையின் கொப்பியில் "மேசையில் ரீ கோப்பை இருந்தது, ஃபேன் ஓடவில்லை, யன்னல் பூட்டியிருந்தது" என்றொரு வரி இருந்தது. அந்த அறையைப் பற்றி விசாரணைக் குழு கேட்ட எல்லாவற்றுக்கும் அவளால் தடுமாறாமல் பதில் சொல்ல முடிந்தது அந்த வரியால்தான்.

அழித்த மெசேஜ்களை நினைத்து உடைந்துபோக வேண்டாம். அன்றிரவு அறைத்தோழியிடம் சொல்லியிருப்பீர்கள். அவளும் தான் கேட்டதைத் திகதியோடு எழுதி வைக்கட்டும், அதுவும் சாட்சிதான். இனி வருவதை அழிக்காதீர்கள். இலக்கமும் நாளும் நேரமும் தெரிய ஸ்கிரீன்ஷொட் எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள், போன் தொலைந்தாலும் அது இருக்கும். தமிழ்நாட்டின் அருப்புக்கோட்டைக் கல்லூரியொன்றின் பேராசிரியை, மாணவிகளைத் தவறான வழிக்கு அழைத்த தொலைபேசிப் பேச்சு 2018இல் வெளிவந்தது. மாணவிகள் அதைப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். 2024 ஏப்ரலில் அவருக்குப் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. ஆறு வருடம் எடுத்தது, ஆனால் அந்த ஒலிப்பதிவு கடைசிவரை நின்றது.

அடுத்தது, யாரிடம் கொடுப்பது. அந்தச் சேரோடு தினமும் ரீ குடிப்பவரிடம் வாய்ச்சொல்லாகச் சொல்லாதீர்கள். "நான் பேசிப் பார்க்கிறேன்" என்பதோடு அது முடிந்துவிடும். முறைப்பாட்டை எழுத்தில் உபவேந்தருக்கு முகவரியிடுங்கள். பிரதிகள் பதிவாளருக்கும், உங்கள் பல்கலைக்கழகத்தில் பால்நிலை சமத்துவப் பிரிவு இருந்தால் அதற்கும், கொழும்பு 7, வோட் பிளேஸிலுள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கும் போகட்டும். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் "கிடைத்தது" என்று திகதி முத்திரை வாங்குங்கள். தபாலில் என்றால் பதிவுத் தபால், அந்தத் துண்டைக் கொப்பியில் ஒட்டி வையுங்கள். கடிதம் வரவேயில்லை என்று நாளைக்கு யாரும் சொல்ல முடியாது.

அதே கடிதத்தில் இரண்டு கோரிக்கைகளைத் தனித்தனியாக இலக்கமிட்டு எழுதுங்கள். ஒன்று, விசாரணை முடியும்வரை ஆய்வுக்கு வேறு மேற்பார்வையாளர் வேண்டும். இரண்டு, என் ஆய்வை அவர் திருத்தக் கூடாது. குற்றம் நிரூபிக்கப்பட மாதக்கணக்காகலாம். உங்கள் பட்டம் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை.

பெயர் விஷயத்தில் உங்களுக்குச் சும்மா ஆறுதல் சொல்ல மாட்டேன். பெயரில்லாக் கடிதம் ஒரு விசாரணையைத் தொடக்கி வைக்கலாம், முடித்து வைக்காது. தன்மீது குற்றம் சாட்டியது யார் என்று அவர் அறியாமல் முறையான விசாரணை நடக்காது. ஊர் அறிவது வேறு கதை, அதைத் தடுக்கலாம். இரகசியம் பேணும்படி கடிதத்தின் தலைப்பிலேயே எழுதுங்கள். சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 2024 டிசம்பரில் வன்கொடுமைக்கு ஆளான மாணவியின் விவரங்கள் முதல் தகவல் அறிக்கையோடு இணையத்தில் கசிந்தபோது, அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொன்னது மெட்ராஸ் உயர் நீதிமன்றம். கசிய விட்டது பாதிக்கப்பட்டவளின் தலைவிதி அல்ல, அரசின் தவறு என்பதே அதன் பொருள். இங்கேயும் குற்றத்தால் பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் சட்டம் 2015இல் வந்து, 2023இல் புதிதாக இயற்றப்பட்டது. முறைப்பாட்டை வாபஸ் வாங்கச் சொல்லி யாராவது மிரட்டினால் அந்த மிரட்டலே தனிக் குற்றம். அதையும் கொப்பியில் எழுதுங்கள்.

பொலிஸுக்குப் போவதானால், நிலையத்திலுள்ள சிறுவர், பெண்கள் பிரிவைக் கேளுங்கள், துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள். கொழும்பிலும் தமிழில் அலுவல் பார்க்கும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உங்களுக்குத் தருகிறது. மேசையில் இருப்பவர் சிங்களத்தில் எழுதிவிட்டு "இங்கே சைன் பண்ணுங்க" என்றால், உங்களுக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்டிய பிறகே போடுங்கள். என்ட்ரி இலக்கத்தைக் கேட்டு வாங்காமல் வாசலைத் தாண்டாதீர்கள்.

கேள்வி: மகள் இந்த வருஷம்தான் கம்பஸுக்கு எடுபட்டாள். இரவில் சீனியர்மார் வீடியோ கோல் எடுத்து, பிள்ளையை நிற்கச் சொல்லி, வாயால் சொல்ல முடியாததைச் சொல்ல வைக்கிறார்கள். சாப்பாடு இறங்குதில்லை. "அம்மா, யாரிட்டையும் சொன்னால் என்னை ஒதுக்கிவிடுவார்கள்" என்று காலைப் பிடிக்கிறாள். கம்பஸே வேண்டாம் என்கிறார் இவர். இந்தக் கொட்டாஞ்சேனையில் 2025 மே மாதம் நடந்ததைப் பார்த்த பிறகு எனக்கும் பயமாக இருக்கிறது.
— ஒரு தாய், கொட்டாஞ்சேனை

பதில்: அக்கா, அந்த மே மாதத்தை இந்த நகரத்தில் யாரும் மறக்கவில்லை. ஒரு பள்ளி மாணவியின் மரணத்துக்கு நீதி கேட்டு, கொட்டாஞ்சேனையிலும் பம்பலப்பிட்டியிலும் தாய்மார் வீதிக்கு வந்தார்கள். ஆசிரியர் ஒருவர்மீதான குற்றச்சாட்டு ஏற்கெனவே பொலிஸ்வரை போயிருந்தும் பிள்ளைக்கு ஏன் துணை கிடைக்கவில்லை என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. முறைப்பாட்டைக் கொடுத்ததோடு நம் வேலை முடிவதில்லை. கொடுத்த பிறகும் பிள்ளையைத் தனியே விடக் கூடாது.

ஆகவே முதல் வேலை மகளோடு. இரவில் பக்கத்தில் படுங்கள். வந்த அழைப்புகளின் விவரத்தைப் படம் பிடித்து வைத்துவிட்டு, இரவில் போனை நீங்கள் வாங்கி வையுங்கள். "ஏன் முதலே சொல்லவில்லை?" என்று மட்டும் கேட்காதீர்கள். சாப்பாடும் நித்திரையும் இப்படியே குறைந்தால், வாழ்க்கை வெறுத்தாற்போல் பேசினால், 1926 தேசிய மனநல உதவி இலக்கம், எந்த நேரமும் அழைக்கலாம்.

அடுத்தது சட்டம். 1997இல் பேராதனையில் பொறியியல் படிக்கப் போன தமிழ் மாணவன் வரப்பிரகாஷ், பகிடிவதையால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். மறுவருடம் வந்தது 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம். உடலில் காயம் இருக்க வேண்டியதில்லை. மன வேதனையோ பயமோ உண்டாக்கினாலே அது பகிடிவதை, இரண்டு ஆண்டுவரை கடூழியச் சிறை. அதோடு பாலியல் தொந்தரவும் சேர்ந்தால் பத்து ஆண்டுவரை போகும். போனில் நடந்ததால் தப்பிவிடலாம் என்று அந்தச் சீனியர்மார் நினைக்க வேண்டாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி வளாகத்தில் 2020இல் புதுமுக மாணவிகள் போன் வழியாகப் பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாக எழுந்த முறைப்பாடு நாடு முழுவதும் பேசப்பட்டது.

தாயாக நீங்களே மானியங்கள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு கொடுக்கலாம், மகள் முன்னுக்கு நிற்க வேண்டிய அவசியமில்லை. எந்த இலக்கத்திலிருந்து, எத்தனை மணிக்கு என்ற விவரம் இருந்தால் போதும். அதே பட்ச்சில் இன்னும் பத்துப் பிள்ளைகள் இதே அழைப்பை எடுத்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு மூன்று தாய்மார் சேர்ந்து ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டால், எந்தப் பிள்ளையையும் தனியாக ஒதுக்க முடியாது.

கணவரிடம் ஒன்று கேளுங்கள்: ஏ.எல். பரீட்சைக்காக எத்தனை வருடம் விழித்திருந்து படித்து எடுத்த இடம் அது? வெளியே போக வேண்டியவள் உங்கள் மகளா?

கேள்வி: அரச பல்கலைக்கழகம் ஒன்றில் தற்காலிக விரிவுரையாளராக இருக்கிறேன். நிரந்தரப் பதவிக்கான நேர்முகத்தில் "கலியாணம் எப்போ? பிள்ளை கிடைத்தால் பாடம் யார் எடுப்பது?" என்று கேட்டுச் சிரித்தார்கள். என்னைவிடத் தகைமை குறைந்த ஆணுக்கு இடம் போய்விட்டது. முடிவு வந்து மூன்று கிழமை. யாரும் என்மேல் கை வைக்கவில்லை, இது தொந்தரவில் சேருமா?
— விரிவுரையாளர், வெள்ளவத்தை

பதில்: தொந்தரவு என்பதைவிட இதற்குப் பொருத்தமான பெயர் பாரபட்சம். அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை, பால் காரணமாக எந்தப் பிரஜைக்கும் ஓரம் காட்டக் கூடாது என்கிறது. அதே நேர்முகத்தில் அந்த ஆணிடமும் "கலியாணம் எப்போ?" என்று கேட்டார்களா என்பதுதான் இங்கே உரைகல்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்தது "மூன்று கிழமை" என்ற சொல். அடிப்படை உரிமை மீறலுக்காக உயர் நீதிமன்றம் போக 126ஆம் உறுப்புரை தரும் காலம் ஒரே ஒரு மாதம். வாசலிலேயே பல நல்ல வழக்குகள் திரும்பிப் போவது இதனால்தான். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. ஆனாலும் அதை மட்டும் நம்பி இருக்காமல் ஒரு சட்டத்தரணியையும் இந்தக் கிழமையே பாருங்கள். வசதி போதாவிட்டால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

கூடவே 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், நேர்முகப் புள்ளித் திட்டத்தையும் உங்களுக்குக் கிடைத்த புள்ளிகளையும் கேட்டு விண்ணப்பியுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். அது வரட்டும், பிறகு போகலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். பதில் வரும்போது உங்கள் மாதம் முடிந்திருக்கும்.

இந்த இதழ் உங்கள் கைக்கு வர இன்னும் சில நாள் ஆகும் என்பதால், இதே பதிலைக் கடிதத்திலிருந்த முகவரிக்கு முன்கூட்டியே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். துண்டு என்னிடம் இருக்கிறது.

அவசர இலக்கங்கள்: பொலிஸ் சிறுவர், பெண்கள் பணியகம் 109 | பெண்கள் உதவி 1938 | மனித உரிமைகள் ஆணைக்குழு 1996 | இலஞ்ச ஊழல் ஆணைக்குழு 1954 | மனநல உதவி 1926