விற்க மறுக்கும் உரிமை

வணிகன் தன் பொருளுக்கு உடையவன். ஆதலின் தான் விரும்பாதவர்க்கு அதனை விற்க மறுக்கவும் உரியவன் என்பர் சிலர். கடன் தீர்க்காதவனையும் கடையில் கலகம் விளைப்பவனையும் மறுத்தல் தகுமென யாமும் ஒப்புவோம். ஆண்டு மறுப்புக்கு ஏதுவாவது அவனவன் செய்கை. பிறப்போ எவர் செய்கையும் அன்று.

குற்றாலத்தில் சாரற்காலத்து எண்ணெயும் துண்டும் விற்போர், நீராட வருவோரின் குலத்தை வினவுவதில்லை. அத்துணைக் கூட்டத்தில் அறியவும் இயலாது. அறியாமையே ஆண்டுச் சமத்துவம் போலும்! யாவரும் யாவரையும் அறிந்த சிற்றூரில் நிலைமை வேறு. 2022 செப்டம்பரில், தென்காசி மாவட்டத்துப் பாஞ்சாங்குளத்தில், தின்பண்டம் வாங்க வந்த பட்டியல் வகுப்புச் சிறுவர்க்கு விற்கவியலாதென ஒரு கடைக்காரர் மறுத்தார். அக்காட்சிப்படம் எங்கும் பரவியது. அவர் கைதானார், கடைக்கு முத்திரையிடப்பட்டது.

அவர் தம் உரிமையைக் கூறி மறுத்திலர் என்பது ஈண்டு நோக்கற்பாலது. ஊர்க்கட்டுப்பாடு என்றே கூறினார். அக்கட்டுப்பாடு வாங்குவோரைத் தடுத்ததோடு விற்பவன் கையையும் அன்றோ பிணித்தது! வணிகனது சுதந்திரம் பேசுவோர் இதற்கு யாது விடை கூறுவர்?

அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, சாதி பற்றி ஒருவரைக் கடையினின்று விலக்கலாகாது என்கின்றது. தீண்டாமை காரணமாக விற்க மறுத்தலை 1955ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. பாஞ்சாங்குள வழக்கில் ஐவர் ஆறு திங்கள் அவ்வூருக்குள் புகலாகாதென நீதிமன்றம் ஆணையிட்டது.